ஈக்கள் சம்மதிக்கவில்லை

வேலை இல்லாத அலுவலகத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறார்கள் என்று சொல்வது வழக்கம். கான்செப்சியோன் நகரத்து மரபியல் ஈ நிலையத்தைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லிவிட முடியாது. அங்கே ஈயை ஓட்டினால் மெமோ. மறுபடி ஓட்டினால் விசாரணை. கை தவறி ஒன்றை அடித்துத் தொலைத்துவிட்டாலோ மூன்று படிவம், இரண்டு சாட்சி. போதாததற்கு, இறந்தது ஆணா பெண்ணா என்று ஒரு கட்டத்தில் டிக் வேறு போட வேண்டும்.

ஏதோ அபூர்வ ஜந்து என்று நினைத்துவிடாதீர்கள். வாழைப்பழம் கறுத்துப்போனால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, எள்ளளவு உடம்பும் சிவந்த கண்ணுமாக, அந்தப் பழ ஈதான். ஊரெல்லாம் துணியால் விசிறித் துரத்துகிற இந்த ஈக்கு அங்கே நாலு மாடிக் கட்டடம். வெயில் மழை எதுவானாலும் சூடு குறையாத அறை. அந்த ஊரில் ஆகஸ்டுதான் குளிர்காலம். அப்போது ஊழியர்கள் கம்பளிக்குள் விறைத்துக்கொண்டு கோப்பு எழுதுவார்கள். விரல் மடங்காமல் போனால் ஈ அறைக்குள் போய்ப் பத்து நிமிடம் நின்று உடம்பைச் சூடேற்றிக்கொள்ளலாம். அதற்கும் ஒரு பதிவேடு வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு இயக்குநர் டாக்டர் ரெமிகியோ சாவேத்ரா அந்த அறைக்கு வருவார். அறுநூறு பாட்டில்களுக்கு முன்னால் நின்று, "காலை வணக்கம், சகாக்களே!" என்பார். ஈக்கள் பதில் சொல்லாது. அவற்றின் சார்பில் பின்னால் வரிசையாக நிற்கும் ஊழியர்கள், "காலை வணக்கம், டாக்டர்!" என்று சொல்ல வேண்டும். இப்படிச் சொல்லிச் சொல்லியே பாதி வாழ்க்கையைக் கழித்தவர்கள் அங்கே உண்டு.

அவர்களில் ஒருத்தி க்ளோரிந்தா ஒயார்ஸோ. ஈக்களுக்குச் சமைத்துப் போடுகிறவள். வயது ஐம்பத்தெட்டு. இதில் இருபத்தாறு வருஷம் ஈக்களுக்குப் போனது. காலை ஏழு மணிக்கு மக்காச்சோள மாவு, சர்க்கரை, கடற்பாசிப் பசை எல்லாவற்றையும் பெரிய அண்டாவில் போட்டுக் கட்டி தட்டாமல் கிண்டி, ஆறுவதற்குள் பாட்டில் பாட்டிலாக ஊற்ற வேண்டும். தினமும் நூறு பாட்டில். ஞாயிற்றுக்கிழமை என்பதெல்லாம் ஈக்குத் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் ரொட்டியில் அவகாடோவைத் தடவிக்கொண்டு டீயும் கையுமாக உட்கார்ந்தால் அங்கேயும் இரண்டு ஈ வந்து கோப்பை விளிம்பில் உட்காரும். "ஏம்ப்பா, நான் வேலையை முடிச்சுட்டுத்தானே வந்தேன்?" என்பாள். துரத்தக்கூட அலுப்பாக இருக்கும்.

நிலையத்தின் பெருமைக்கெல்லாம் காரணம் 'ஏழாம் வம்சம்' என்று பெயர் வைக்கப்பட்ட ஈக்கூட்டம். உலகத்து ஈக்களெல்லாம் ஏறத்தாழ அறுபது நாளில் கண்ணை மூடும்போது ஏழாம் வம்சத்து ஈக்கள் தொண்ணூறு நாள் வாழ்ந்தன. அவற்றின் ரத்தத்திலேயே ஏதோ இருக்கிறது என்று டாக்டர் சாவேத்ரா முப்பத்தொரு கட்டுரை எழுதி ஒரு பதக்கமும் வாங்கிவிட்டார். தோட்டத்தில் வெண்கலத்தில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு ஈ நிறுத்தி வைத்தார்கள். புறாக்கள் அதன் மேல் உட்கார்ந்து தங்கள் வேலையைச் செய்துவந்தன.

பிப்ரவரிக் கடைசியில் தெற்கே சிலோயே தீவிலிருந்து க்ளோரிந்தாவுக்குப் போன் வந்தது. அக்கா ஒத்தீலியா.

"அடியே க்ளோரி, காஸ்த்ரோ ஆஸ்பத்திரியில பாத்துட்டாங்க. கண்ணுல அழுத்தமாம். குளிர்காலத்துக்குள்ள சுத்தமாப் போயிடுமாம்."

க்ளோரிந்தா மூக்கை உறிஞ்சினாள்.

"மூக்கை உறிஞ்சாத, கேளு. இப்ப நேரா பாத்தா கொஞ்சம் தெரியுது. ஓரமெல்லாம் இருட்டு. குழாய்க்குள்ள பாக்குற மாதிரிதான் இருக்கு. அந்தக் குழாய் அடைபடுறதுக்குள்ள உன் மூஞ்சி ஒரு தடவை அதுல வரணும். வேற ஒண்ணும் கேக்கல. ஏப்ரல்ல ஆப்பிள் இடிக்க வந்துடு. எதிரும் புதிருமா ரெண்டு பேர் நின்னு இடிச்சாத்தானே சிச்சா சரியா வரும்."

"வர்றேன்க்கா. கட்டாயம் வர்றேன்."

"ஒம்பது வருஷமா இதையேதான் சொல்ற. சரி, போன வருஷம் அனுப்புன மண்டி ஜாடி இருக்கா, தீந்துடுச்சா?"

"அடியில நாலு விரக்கடை இருக்கு."

சிச்சா என்பது அந்தத் தீவின் ஆப்பிள் கள். அதன் அடியில் தங்கும் மண்டியை ஒரு ஜாடியில் கட்டி, வருஷாவருஷம் பஸ் ஓட்டுநர் கையில் தங்கைக்குக் கொடுத்தனுப்புவது ஒத்தீலியாவின் வழக்கம். ரொட்டி மாவில் கலந்தால் பூவாக உப்பும் என்பாள். தங்கை அதை எங்கே கலக்கிறாள் என்று அவளுக்கும் தெரியாது.

மறுநாள் க்ளோரிந்தா ஊழியர் பிரிவுக்குப் போனாள். பிரிவின் தலைவர் தோன் நிபால்தோ. மொட்டைத் தலை. தலைக்கு வர வேண்டியதெல்லாம் மீசைக்கு வந்துவிட்ட மாதிரி அடர்ந்த மீசை. மேஜை மேல் பதினேழு ரப்பர் முத்திரைகள். எந்த வேலையானாலும் முதலில் முத்திரையை எடுத்து ஊதிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

"எனக்கு அஞ்சு நாள் லீவு வேணும், தோன் நிபால்தோ. அக்காவுக்குக் கண்ணு போகுது."

அவர் பேரேட்டைப் புரட்டினார். "உங்களுக்கு இருநூத்திப் பதினாலு நாள் லீவு பாக்கி இருக்கு, க்ளோரிந்தா அம்மா. ரொம்ப சந்தோஷம். லீவு இருக்கு. போறதுக்குத்தான் வழியில்ல."

"ஏன்?"

"நீங்க போனா யார் சமைப்பா? பதிலாளுக்குச் சான்றிதழ் வேணும். சான்றிதழ் குடுக்குற தகுதி இங்க ஒருத்தருக்குத்தான் இருக்கு. அது நீங்க. நீங்களோ லீவுல இருக்கீங்க."

"நான் இன்னும் லீவுல போகலியே. இங்கதானே நிக்கிறேன்?"

"நீங்க நிக்கிறப்போ பதிலாள் எதுக்கு?" என்றார் தோன் நிபால்தோ. அவர் முகத்தில் கிண்டல் துளிகூட இல்லை. "அவசர லீவு விதி ஒண்ணு இருக்கு. அதைப் பாப்போம். நெருங்கின உறவு இறந்தா மூணு நாள். அக்கா இறந்துட்டாங்களா?"

"ஐயோ, இல்ல!"

"அடடா." அவருக்கே வருத்தமாகப் போய்விட்டது. "இறந்திருந்தா இன்னிக்கே கையெழுத்துப் போட்டுருவேன். கண்ணு போறதுக்கு விதியில இடமே இல்லையே. ஒரு கண்ணா, ரெண்டுமா?"

"ரெண்டும்."

"ரெண்டும்னு எழுதிக்கிறேன்," என்று எழுதி, முத்திரையை ஊதி, ஓங்கி ஒரு குத்து குத்தினார். விண்ணப்பம் மேலே போனது.

போனது போனதுதான். மார்ச் முழுக்க அது மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தது. க்ளோரிந்தா தினமும் அண்டாவைக் கிண்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு மாடியாகப் போய்க் கேட்பாள். இரண்டாம் மாடியில் 'ஒத்தீலியா' என்ற பெயரில் எந்த ஈயும் பதிவாகவில்லை என்று குறிப்பு எழுதினார்கள். மூன்றாம் மாடியில் அது மனுஷியின் பெயர் என்று கண்டுபிடித்து, அப்படியானால் எங்கள் பிரிவு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் இயக்குநரே கூப்பிட்டார்.

டாக்டர் சாவேத்ரா நல்ல மனுஷர்தான். உட்காரச் சொன்னார். உருப்பெருக்கியில் ஒரு ஈயின் கண்ணைக் காட்டினார். தேன்கூடு போல அறை அறையாக, சிவப்பாக, அழகாகத்தான் இருந்தது.

"பாத்தீங்களா, அம்மா? ஒரு கண்ணுக்குள்ள எண்ணூறு சின்னக் கண்ணு. முப்பது வருஷமா ஒவ்வொண்ணையும் எண்ணிக்கிட்டிருக்கேன். மனுஷனுக்கும் ஈக்கும் மரபணுவுல நூத்துக்கு அறுபது ஒத்துமை தெரியுமா?"

"அப்படியா, டாக்டர்? எங்க அக்கா கண்ணுக்கும்..."

"அது மீதி நாப்பதுல வருது," என்று சோகமாகச் சொன்னார். "அது நம்ம துறை இல்ல. ஆனா உங்க விண்ணப்பத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஜனநாயகமா முடிவு செய்வோம். உங்க பதிலாளை ஈக்களே தேர்ந்தெடுக்கட்டும்."

அவள் வாயைப் பிளந்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரம் தேர்தல் நடந்தது. தீவில் ஆப்பிள் பழுத்து விழுந்துகொண்டிருந்த வாரம் அது. கவட்டை மாதிரி இரண்டு கையாகப் பிரியும் கண்ணாடிக் குழாய். ஒரு கையின் முனையில் க்ளோரிந்தா சமைத்தது, மறு கையின் முனையில் பாட்டில் கழுவும் யோலண்டா சமைத்தது. யோலண்டா சுவரில் மாட்டியிருந்த அதிகாரபூர்வச் செய்முறையை எழுத்துக்கு எழுத்து பார்த்து, ஈஸ்ட்கூடக் கைக்காசில் வாங்கிவந்து செய்திருந்தாள். இருநூறு ஈக்களை அடியிலிருந்து விட்டார்கள். பார்வையாளர்கள் மூன்று பேர், புகைப்படக்காரர் ஒருவர். நூற்றெண்பத்தேழு ஈக்கள் க்ளோரிந்தா பக்கம் போயின. ஆறு ஈக்கள் யோலண்டா பக்கம். ஏழு ஈக்கள் எந்தப் பக்கமும் போகாமல் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டன. அந்த ஏழையும் செல்லாத ஓட்டில் சேர்ப்பதா, கருத்துச் சொல்ல விரும்பாதவர்களில் சேர்ப்பதா என்று விவாதிக்கவே மூன்று மணி நேரம் ஆயிற்று.

யோலண்டா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள் என்று எழுதலாம்தான். அவள் போட்டிருந்தது ரப்பர் ஏப்ரன். "கேவலம் ஒரு ஈகூட என் சமையலை மதிக்கல, பாத்தியா க்ளோரி," என்றாள். "என் புருஷன் சொன்னப்போ நான் நம்பல."

டாக்டர் சாவேத்ரா உணர்ச்சிவசப்பட்டு நாற்காலி மேல் ஏறி நின்றார்.

"நண்பர்களே! ஈக்களுக்கு நன்றி உண்டுன்னு இன்னிக்கு நிரூபணம் ஆயிடுச்சு. தங்களுக்குச் சமைக்கிற கையை அதுங்க அடையாளம் கண்டுபிடிக்குது! ஒரு அதிகாரி போட்ட கையெழுத்தை இன்னொரு அதிகாரி அடிச்சுடலாம். ஈயோட தீர்ப்பை யார் அடிக்க முடியும்? முப்பது வருஷமா நான் ஈக்களைத்தான் பாத்திருக்கேன். மனுஷங்களைப் பாக்க நேரம் கிடைக்கல. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல!"

பலத்த கைதட்டல். விண்ணப்பத்தின் மேல், 'ஈக்கள் சம்மதிக்கவில்லை' என்று எழுதி, தோன் நிபால்தோ ஊதி, குத்தினார்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். க்ளோரிந்தாவும் அன்றைக்குத்தான் சொன்னாள். எல்லோரும் போன பிறகு இயக்குநரின் அறைக் கதவைத் தட்டினாள்.

"டாக்டர், அது என் கை இல்ல. மண்டி."

"என்ன மண்டி?"

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால ஈஸ்ட் வாங்குற கோப்பு தலைநகருக்குப் போச்சு, திரும்பவே இல்ல. ஈ பட்டினி கிடக்குமேன்னு அக்கா குடுத்த சிச்சா மண்டியில ஒரு கரண்டி அண்டாவுல ஊத்தினேன். அதுங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. அதுலேருந்து தினமும் ஒரு கரண்டி. யோலண்டாவுக்கும் ஒரு கரண்டி குடுங்க, அதுங்க சாப்பிடும். நான் போயிட்டு வந்துடறேன்."

டாக்டர் சாவேத்ரா விரல் விட்டு எண்ணினார். பன்னிரண்டு வருஷம். ஏழாம் வம்சம் நீண்ட நாள் வாழ ஆரம்பித்ததும் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால்தான். அவர் பார்வை சுவரில் இருந்த பதக்கத்துக்குப் போனது. ஜன்னல் வழியே வெண்கல ஈக்குப் போனது. பிறகு தோன் நிபால்தோவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கோப்பைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு வருஷமாக மாதாமாதம் ஈஸ்ட் வந்து சேர்ந்ததாகக் கையெழுத்து இருந்தது, முத்திரையும் இருந்தது.

"ஈஸ்ட் வந்திருக்கு," என்றார் தோன் நிபால்தோ.

"வரலியே. நான்தானே அண்டாவைக் கிண்டுறேன்."

"முத்திரை இருக்கு, க்ளோரிந்தா அம்மா. ஈஸ்ட் வந்திருக்குறதால மண்டி தேவைப்படல. தேவைப்படாததை நீங்க ஊத்தியிருக்க முடியாது."

இயக்குநர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எதையும் ஊத்தல, அம்மா. பாவம், அக்கா கவலையில குழம்பிப் போயிருக்கீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஜாடியில இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ரெண்டு விரக்கடை."

"இல்லாத பொருள் தீந்துபோயிடக் கூடாது," என்றார்.

க்ளோரிந்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். அதுவும் எடுபடவில்லை. வீட்டுக்குப் போய் அக்காவுக்குப் போன் செய்து, மே மாதம் வருகிறேன் என்றாள். ஒத்தீலியா சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரனைக் கெஞ்சிக் கூத்தாடி ஆப்பிள் இடித்தாயிற்று, ஏதோ பேருக்கு ஒரு ஜாடிதான் தேறியது, அதையும் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன் என்றாள். குழாய் இப்போது ஊசித் துளையாகிவிட்டது என்பதையும் சொன்னாள்.

மே மாதம் ஆய்வுப் பயணம் ஒன்று அறிவிக்கப்பட்டது. 'தீவுப் பகுதியில் ஈக்களின் உணவுப் பண்பாடு' என்று அதற்குப் பெயர். போகும் இடம் ஒத்தீலியாவின் வீடு. க்ளோரிந்தா அறிவிப்பைப் படித்துவிட்டு ஓட்டமும் நடையுமாக மாடி ஏறினாள். சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நானும்தானே வரணும்? வீட்டைக் காட்ட ஆள் வேணுமே?"

"நீங்க வந்தா ஈக்கு யார் சமைப்பா?" என்றார் டாக்டர் சாவேத்ரா. உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுக் கேட்டார்.

இயக்குநர் போனார். இரண்டு நாளுக்கு மேற்பட்ட பயணம் என்பதால், போனவர் போனார்தானா என்று சான்றளிக்கத் தோன் நிபால்தோவும் போனார். க்ளோரிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். முகம் மட்டும், பெரிதாக, எத்தனை பெரிதாக முடியுமோ அத்தனை பெரிதாக. ஊசித் துளைக்குள் அடங்குமோ அடங்காதோ, எதிரே பிடித்தால் தெரியும் இல்லையா? அதைத் தோன் நிபால்தோ கையில் கொடுத்தாள்.

"இதை அக்காகிட்ட குடுத்துடுங்க. அவ கண்ணுக்கு நேரா பிடிங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல."

"கவலையே படாதீங்க," என்றார் அவர். போட்டோவைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

ஐந்து நாள் கழித்துத் திரும்பினார்கள். இரண்டு பேருக்கும் முகத்தில் ஒரு சுற்று சதை கூடியிருந்தது. உருளைக்கிழங்கு அடை, புகைபோட்ட பன்றிக்கறி, குழியில் வேகவைத்த சிப்பி என்று ஒத்தீலியா ஒன்றும் குறை வைக்கவில்லை. சிச்சா பிரமாதம் என்றார் இயக்குநர். கடைசிச் சொட்டுவரை குடித்தோம் என்றார். தோன் நிபால்தோ ஒரு ஜாடியை மேஜை மேல் வைத்தார். பளபளவென்று, கண்ணாடி போல மின்னியது.

"மண்டி எங்க?" என்றாள் க்ளோரிந்தா.

"அடியில ஏதோ அழுக்கு இருந்துச்சு. அரசுப் பயணத்துல பாத்திரத்தைச் சுத்தமாத்தான் கொண்டுவரணும்னு விதி. நானே கழுவிட்டேன். மூணு தண்ணி."

டாக்டர் சாவேத்ரா ஜாடிக்குள் எட்டிப் பார்த்தார். அப்படியே மெள்ள நாற்காலியில் உட்கார்ந்தார். இல்லாத ஒரு பொருளைக் கொட்டியதற்காக ஒருவரை எப்படித் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் போன் வந்தது.

"வந்தாங்கடி உன் ஆளுங்க," என்றாள் ஒத்தீலியா. குரலில் கோபம் இல்லை. "அந்த மொட்டைத் தலையன் எனக்கு நேரா வந்து உக்காந்து மூணு நாள் தின்னான். எங்க திரும்பினாலும் அவன் மீசைதான். என் ஊசித் துளை பூரா அவன் மீசை."

"என் போட்டோவைக் காட்டினாரா?"

"காட்டினான். கழுத்து தெரிஞ்சுது. உன் நீலச் சட்டைக் காலர் தெரிஞ்சுது. அதுக்கு மேல வட்டமா, ஊதாவா ஒரு பூசணிக்காய். என்னடா இதுன்னு கேட்டேன். ஊழியர் படத்தை வெளியாளுக்குக் காட்டணும்னா சான்றளிச்சுத்தான் காட்டணுமாம். முத்திரை குத்தியிருக்கான். உன் மூஞ்சி மேலயே குத்தியிருக்கான்டி, க்ளோரி."

க்ளோரிந்தா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நேத்துக் காலையில எந்திரிச்சேன்," என்றாள் ஒத்தீலியா. "விடிஞ்சுதான்னு பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டுக் கேட்டேன். விடிஞ்சு ரொம்ப நேரம் ஆச்சுன்னான். அவ்வளவுதான். முடிஞ்சுது."

க்ளோரிந்தா மறுநாளும் ஏழு மணிக்கு அண்டா முன்னால் நின்றாள். என்ன செய்வது, ஈக்கள் என்ன பாவம் செய்தன? பழைய ஜாடியில் இருந்த கடைசிக் கரண்டியையும் ஊற்றினாள். அதற்குப் பிறகு கடை ஈஸ்ட் போட்டு அதிகாரபூர்வச் செய்முறைதான். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் புதிய ஏழாம் வம்சத்து ஈக்கள் அறுபது நாளில் பொத்துப் பொத்தென்று விழுந்தன. உலகத்து ஈக்கள் எப்படிச் சாகின்றனவோ அப்படியே செத்தன. நிலையம் கிடுகிடுத்தது. அடுத்த மாதம் வெளிநாட்டு நிபுணர் குழு ஒன்று வரவிருந்தது. இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். மூன்றாம் நாள் சுற்றறிக்கை வந்தது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: இனிமேல் நிலையத்துக் கட்டடத்துக்குள் ஒரு நாள் என்பது பதினாறு மணி நேரம்.

சிரிக்காதீர்கள். கணக்கு சரியாகத்தான் வந்தது. வெளியே அறுபது நாள் என்றால் உள்ளே தொண்ணூறு நாள். ஏழாம் வம்சத்தின் மானம் காப்பாற்றப்பட்டது.

"நேரம் என்பது மனுஷன் போட்ட ஏற்பாடு," என்று டாக்டர் சாவேத்ரா திங்கட்கிழமை உரையில் விளக்கினார். அது திங்கட்கிழமைதானா என்பதில் மூன்றாம் மாடிக்கு மட்டும் ஐயம் இருந்தது. "ஈக்கள் நம்ம கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டதில்ல. உண்மை நமக்கு ஒத்துவராதப்போ நாம உண்மையைத் திருத்தல. அது தப்பு. நாம கடிகாரத்தைத்தான் திருத்தினோம். இதுக்குப் பேர்தான் விஞ்ஞான நேர்மை!"

எல்லாச் சுவர்க்கடிகாரங்களும் மாற்றப்பட்டன. ஒரு நாள் மதியச் சாப்பாடு விடியலில் வந்தது, மறுநாள் வரவே இல்லை. யோலண்டா எந்த நாளுக்கு எந்த பாட்டில் கழுவுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் எப்போதும் கழுவிக்கொண்டிருந்தாள்.

விதி என்று வந்துவிட்டால் தோன் நிபால்தோ யாருக்கும் விலக்குக் கொடுக்கிறவர் இல்லை. சுற்றறிக்கையை ஊழியர் பதிவேடுகள் அத்தனைக்கும் ஒழுங்காகப் பொருத்தினார். ஒரு வாரத்தில் க்ளோரிந்தாவைக் கூப்பிட்டனுப்பினார். அவர் முகம் வெளிறியிருந்தது.

"பெரிய தப்பு நடந்திருக்கு, க்ளோரிந்தா அம்மா. நிலையத்து நாள் கணக்குல உங்க சேவை முப்பத்தொம்பது வருஷம். உச்ச வரம்பு முப்பத்தஞ்சு. நாலு வருஷம் முன்னாடியே நீங்க ஓய்வு பெத்திருக்கணும். இத்தனை நாள் நீங்க அத்துமீறி உள்ள வந்து சமைச்சிருக்கீங்க."

"அப்போ என் இருநூத்திப் பதினாலு நாள் லீவு?"

"ஓய்வு பெத்தவங்களுக்கு லீவு எதுக்கு?"

அன்று பிற்பகலே பிரிவுபசாரம். இயக்குநர் பேசினார். க்ளோரிந்தாவின் கை மணத்தைப் பற்றி, ஈக்களின் நன்றியைப் பற்றி, அவள் எதையும் கூடுதலாக ஊற்றியதே இல்லை என்பதைப் பற்றி. அந்தக் கடைசி விஷயத்தை மூன்று தடவை சொன்னார். நினைவுப் பரிசாகக் கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய படம் ஒன்று கொடுத்தார்கள். ஈயின் கண். எண்ணூறு சின்னக் கண்ணும் தெளிவாகத் தெரிந்தன. மூலையில் கூட முத்திரை இல்லை. மறுநாள் காலையே யோலண்டாவைச் சமையலுக்குப் போட்டார்கள். ஈக்களிடம் இந்த முறை யாரும் கேட்கவில்லை. அவையும் பேசாமல் தின்றன.

செப்டம்பர் கடைசியில் க்ளோரிந்தா பஸ் ஏறி, படகு மாறி, இன்னொரு பஸ் ஏறி, அக்காவின் வீட்டு வாசலில் போய் இறங்கினாள். ஆப்பிள் மரங்களில் பூ வைத்திருந்தது. ஒத்தீலியா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பினாள், சற்றே தவறான பக்கம்.

"யாரு? மீன்காரனா?"

"நான்தான்க்கா."

ஒத்தீலியா அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், அடுப்பு ஓரம் உட்காரவைத்தாள். மேஜையில் ஒரு ஜாடி. பக்கத்து வீட்டுக்காரன் தன் பங்கிலிருந்து கொடுத்த சிச்சா அது. அதைச் சுற்றி நாலைந்து பழ ஈக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. சத்தத்தை வைத்தே அந்தப் பக்கம் கையை வீசினாள் ஒத்தீலியா.

"சனியன் பிடிச்ச ஈ. எதையாவது எடுத்து மூடுடி."

க்ளோரிந்தா பையிலிருந்து கண்ணாடிச் சட்டத்தை எடுத்து ஜாடி வாயில் கவிழ்த்தாள். ஒரு ஈ நுழைய இடமில்லாமல் மூடியது. இருபத்தாறு வருஷத்தில் அந்த நிலையத்திலிருந்து உருப்படியாக வந்த ஒரே பொருள் அதுதான்.

"இப்ப கிட்ட வா," என்றாள் ஒத்தீலியா. "உன்னை நினைச்சுப் பாக்கலாம்னு தினமும் உக்காருவேன். நாலு மாசமா முடியல. உன் சட்டை வருது, உன் நடை வருது. மூஞ்சின்னு வந்தா அந்த மொட்டையன்தான் வர்றான். உனக்கு மீசை வெச்சுத்தான் பாக்க முடியுது. பயமா இருக்குடி."

அவள் இரண்டு கையாலும் தங்கையின் முகத்தைப் பிடித்தாள். விரல்கள் நெற்றியிலிருந்து மெள்ள இறங்கின. புருவம், கண்ணிமை, கன்னத்தில் புதிதாக விழுந்த பள்ளம், மூக்கு. மூக்குக்குக் கீழே வந்ததும் நின்றன. உதட்டுக்கு மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தடவை தடவினாள். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை தடவினாள்.

"இல்ல," என்றாள். "மீசை இல்லடி."

"இல்லக்கா," என்றாள் க்ளோரிந்தா.

"அழுவாத. முகம் ஆடுது. ஆடாம இரு, இப்பத்தான் பாக்குறேன்."